பாக்கெட் நீளம் குறை எண்ணாக வரும்போது: நீர்மட்ட சர்வரில் சைன்டு, அன்சைன்டு பிழைகள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லணையில் தொடங்கி வேதாரண்யம் வரை சில மதகுகளிலும் கடைமடை ரெகுலேட்டர்களிலும் பொருத்தியுள்ள நீர்மட்ட உணரிகள் அனுப்பும் பாக்கெட்களைத் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சர்வர் டிசிபி என்ற இணைய நெறிமுறை வழியாகப் பெறுகிறது. நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 8 பைட் தலைப்பு. அதில் முதல் 4 பைட் நீளம், அடுத்த 4 பைட் நிலைய எண். நீளம் 512-ஐத் தாண்டினால் நிராகரிக்கும் சோதனை இருந்தும் சர்வர் அவ்வப்போது, பைட்டுகளைப் பிரதியெடுக்கும் மெம்காபி ஃபங்ஷனை அழைக்கும் வரியில் விழுகிறது (ஓட்டம் நின்றுவிடுகிறது). குறியுள்ள (சைன்டு, குறை எண்ணையும் ஏற்கும்) எண்ணையும் குறியற்ற (அன்சைன்டு, குறை எண்ணை ஏற்காத) எண்ணையும் ஒப்பிடுவதாகக் கம்பைலர் எச்சரித்தது. இணைப்பிலிருந்து பைட்டுகளைப் பெறும் ரிசீவ் ஃபங்ஷன் திருப்பித் தந்த மதிப்பை, அளவுகளுக்கான குறியற்ற வகையான சைஸ்-டிக்குக் காஸ்ட் செய்ததும் (வலிந்து வகை மாற்றியதும்) எச்சரிக்கை நின்றது, விழுவது நிற்கவில்லை. எல்லா மாறிகளையும் அன்சைன்டாக மாற்றிவிட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள்.

தீராது. உங்கள் நிரலில் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இரண்டு பிழைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அன்சைன்டாக்கினால் ஒன்று போய் வேறு சில வரும். எந்த மதிப்பு எண்ணிக்கை, எது நிலை தெரிவிக்கும் குறிப்பு, எது அளவீடு என்பதைப் பைட்டுகள் உள்ளே நுழையும் இடத்திலேயே பிரித்து, வரம்பைச் சோதித்து, அதன் பிறகு மட்டுமே வகையை மாற்ற வேண்டும். அதற்கான காரணத்தை உங்கள் நிரலை வைத்தே விளக்குகிறேன்.

512 சோதனையை எடுத்துக்கொள்வோம். வந்த 4 பைட்டை நெட்வொர்க்கின் பைட் வரிசையிலிருந்து கணினியின் பைட் வரிசைக்கு மாற்றி ஓர் இன்ட் (முழு எண்) மாறியில் வைக்கிறீர்கள். மாற்றித் தரும் ஃபங்ஷன் குறியற்ற 32 பிட் எண்ணைத்தான் தருகிறது. ஆனால் இன்ட் குறியுள்ள வகையாதலால், மேல் பிட் 1 ஆக இருந்தால் அதே பிட்டுகள் குறை எண்ணாக வாசிக்கப்படுகின்றன. 255, 255, 255, 244 என்ற நான்கு பைட்டுகள் வந்தால் மாறியில் இருப்பது −12. அது 512-ஐவிடப் பெரிதன்று என்பதால் சோதனை அதைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது. அடுத்த வரியில் வரும் மெம்காபியோ தன் மூன்றாவது மதிப்பைச் சைஸ்-டி வகையில், அதாவது குறியற்ற வகையில் பெறுகிறது. 64 பிட் கணினியில் −12 அங்கே 18446744073709551604 ஆகிவிடும். அத்தனை பைட்டுகளைப் பிரதியெடுக்கத் தொடங்கிய நிரல், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்ட கணத்தில் இயக்க முறைமையால் நிறுத்தப்படுகிறது. நீங்கள் காண்பது அதைத்தான். ஒரே மதிப்பைச் சோதனை ஒரு வகையாகவும் பயன்பாடு இன்னொரு வகையாகவும் வாசித்ததே இதன் வேர்.

அப்படியானால் அந்த 255, 255, 255, 244 எங்கிருந்து வந்தது? எந்த உணரியும் −12 என்று நீளம் அனுப்பியிருக்காது. இணையத்தில் திறந்து கிடக்கும் எந்த போர்ட்டுக்கும் அந்நியர்கள் கண்ட பைட்டுகளை அனுப்பிப் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அவற்றில் அடிக்கடி வருவது வெப் கோரிக்கை, அதன் முதல் எழுத்துகளான ஜி, இ, டி, இடைவெளி ஆகியவை நீளமாக வாசிக்கப்பட்டால் 1195725856 என்ற மிகை எண் கிடைக்கும், அதை உங்கள் சோதனையே தடுத்துவிடும். எனவே என் ஊகம் வேறு. பாக்கெட்டின் உடலில் நீர்மட்டம் சென்டிமீட்டரில் 4 பைட் குறியுள்ள எண்ணாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கல்லணையிலோ கும்பகோணத்திலோ அது குறை எண்ணாக வர வாய்ப்பில்லை. ஆனால் கடல் ஓதம் ஏறி இறங்கும் கடைமடை ரெகுலேட்டர்களில், அளவுகோலின் சுழி சராசரிக் கடல்மட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், ஓதம் வற்றும் நேரத்தில் −12 சென்டிமீட்டர் என்பது முறையான, சரியான அளவீடு. அந்த அளவீட்டின் பைட்டுகளைத்தான் உங்கள் சர்வர் நீளமாக வாசித்திருக்கிறது என்று நினைக்கிறேன். சர்வர் விழுந்த நேரங்களைக் கடைமடை நிலையங்களின் ஓத நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவீடு நீளத்தின் இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் இரண்டாவது பிழை, அதாவது நீங்கள் காஸ்ட் போட்டு அடக்கிய இடம். ரிசீவ் ஃபங்ஷன் வெற்றி பெற்றால் பெற்ற பைட்டுகளின் எண்ணிக்கையையும், எதிர்முனை இணைப்பை முறையாக மூடியிருந்தால் 0-ஐயும், தோல்வியானால் −1-ஐயும் தருகிறது. எண்ணிக்கையையும் தோல்விக் குறிப்பையும் ஒரே மதிப்பில் அடைத்துத் தரும் பழைய யூனிக்ஸ் வழக்கம் இது. வசதியானது, ஆனால் இந்த வகைப் பிழைகளில் பெரும்பகுதிக்குத் தாயகமும் இதுவே. நீங்கள் அந்த மதிப்பைத் தலைப்பின் சைஸ்ஆஃப் மதிப்போடு, அதாவது 8 பைட் என்ற அதன் அளவோடு ஒப்பிட்டு, சிறிதாக இருந்தால் பிழை என்று கொள்கிறீர்கள். சைஸ்ஆஃப் தருவது சைஸ்-டி. ஒரே அகலமுள்ள குறியுள்ள எண்ணும் குறியற்ற எண்ணும் ஒப்பிடப்படும்போது குறியுள்ளதைக் குறியற்றதாக மாற்ற வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஆகவே −1 அந்த வகையின் மிகப் பெரிய எண்ணாக மாறுகிறது. அது 8-ஐவிடச் சிறிதன்று. தோல்வி வெற்றியாகக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் எழுதிய காஸ்ட், கம்பைலர் சொல்லாமல் செய்துகொண்டிருந்த அதே மாற்றத்தைக் கையால் எழுதிக் கொடுத்தது. நிரலின் போக்கு இம்மியும் மாறவில்லை; எச்சரிக்கை மட்டும் போய்விட்டது.

பெறுவதற்கு நீங்கள் காலக்கெடு விதித்திருக்கிறீர்கள்; மொபைல் இணைப்பில் தங்கியிருக்கும் நிலையங்களில் அந்தக் கெடு அடிக்கடி கடந்துபோகும், ரிசீவ் −1 தரும். அப்போது பஃபரில் (வரும் பைட்டுகளைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தில்) இருப்பது முந்தைய பாக்கெட்டின் தலைப்பு. சர்வர் அதைப் புதிய தலைப்பாக நம்பி, அதிலுள்ள நீளத்துக்கு உடலைப் படிக்கப் போகிறது. அடுத்து வந்து சேரும் உண்மையான தலைப்பின் பைட்டுகள் உடலாக விழுங்கப்படுகின்றன. அந்தக் கணத்திலிருந்து பாக்கெட்களின் எல்லைகள் எல்லாம் நகர்ந்துவிடுகின்றன. டிசிபி என்பது இடையறாத பைட் ஓட்டம், அதில் பாக்கெட் எல்லை என்று எதுவும் இல்லை என்பதால், ஒருமுறை நகர்ந்த எல்லை தானாகச் சரியாவதில்லை. தலைப்பில் 3 பைட் மட்டும் வந்து மீதி தாமதமானாலும் இதே நிலைதான், ஏனெனில் வந்த மூன்றையும் எறிந்துவிட்டு அடுத்ததைத் தலைப்பின் தொடக்கமாக எடுக்கிறீர்கள். இதில் சர்வர் விழுவது உண்மையில் நல்ல விளைவு. நகர்ந்த இடத்தில் −12-க்குப் பதிலாக 250 சென்டிமீட்டர் என்ற அளவீடு இருந்திருந்தால், 250 பைட் நீளம் என்று அது ஏற்கப்பட்டு, தவறான எண்கள் தவறான நிலையங்களின் பெயரில் சத்தமில்லாமல் தரவுத்தளத்தில் ஏறியிருக்கும். ஏறியும் இருக்கலாம், பழைய பதிவுகளைச் சரிபார்ப்பது நல்லது.

திருத்தம் எளியது, வரிசை மட்டும் முக்கியம். ரிசீவ் தந்ததை, சைஸ்-டியின் குறியுள்ள இணையான எஸ்-சைஸ்-டி வகை மாறியிலேயே வையுங்கள். முதலில் 0-க்குக் கீழா என்று பாருங்கள். காலக்கெடு கடந்ததா, இணைப்பு அறுந்ததா என்பதை, தோல்வியின் காரணத்தைக் காட்டும் எர்னோ மாறியைக் கொண்டு பிரித்தறியுங்கள். பிறகு 0 தானா என்று பாருங்கள். இவ்விரண்டும் இல்லை என்று உறுதியான பின்னரே அது ஓர் எண்ணிக்கை; அப்போது அதைச் சைஸ்-டி ஆக மாற்றுவதில் ஆபத்தில்லை. தலைப்பின் 8 பைட்டும் சேரும் வரை, ஏற்கெனவே வந்ததை எறியாமல், மீதியை மட்டும் கேட்டுப் படிக்கும் சுழற்சியை எழுதுங்கள். நீளத்தைக் குறியற்ற 32 பிட் மாறியில் வைத்து 512-ஓடு ஒப்பிடுங்கள்; இந்த ஓரிடத்தில் அன்சைன்டுதான் சரி, ஏனெனில் நெறிமுறைப்படி நீளம் ஒருபோதும் குறை எண்ணாக இருக்க முடியாது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். சைஸ்ஆஃப் மதிப்புக்குப் பதிலாகக் குறியற்ற 32 பிட் மாறி ஒன்றோடு ரிசீவ் மதிப்பை ஒப்பிடும் இடமும் உங்கள் நிரலில் உள்ளது. 64 பிட் லினக்ஸில் எஸ்-சைஸ்-டி 64 பிட் அகலமுள்ளது. 32 பிட் குறியற்ற எண் முழுவதும் அதற்குள் அடங்கும் என்பதால் ஒப்பீடு குறியுள்ள எண்களாகவே நடக்கும், −1 சரியாகப் பிடிபடும். அதே நிரலை நிலையத்தில் வைத்திருக்கும் 32 பிட் ஏஆர்எம் போர்டில் (ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட சிறு கணினியில்) கம்பைல் செய்தால் இரண்டும் ஒரே அகலம். ஒப்பீடு குறியற்றதாகிவிடும், −1 தப்பிவிடும். மேசைக் கணினியில் தேறிய நிரல் வாய்க்கால் கரையில் தோற்பதற்கு இதுவே போதும்.

பைட் மட்டத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று உண்டு. கேரக்டர் வகை குறியுள்ளதா குறியற்றதா என்பதைச் சி மொழி கம்பைலருக்கே விட்டிருக்கிறது. இன்டெல் வகைக் கணினிகளில் ஜிசிசி கம்பைலர் அதைக் குறியுள்ளதாகவும், ஏஆர்எம் லினக்ஸில் குறியற்றதாகவும் கொள்கிறது. 400 என்ற நீர்மட்டத்தின் நான்கு பைட்டுகளில் கடைசி இரண்டும் 1, 144 என்று வருகின்றன. இவற்றில் முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் நகர்த்தி, இரண்டாவதோடு ஆர் என்ற பிட் செயற்குறியால் (எதில் 1 இருந்தாலும் விடையில் 1) சேர்க்கிறீர்கள். குறியற்ற கேரக்டராக இருந்தால் 256-உம் 144-உம் சேர்ந்து 400. குறியுள்ளதாக இருந்தால் 144 என்பது −112. இன்ட் ஆக விரியும்போது மேல் பிட்டுகள் அனைத்தும் 1 ஆக நிரம்பும். ஆர் செய்த விடை −112. போர்டில் சரியாக ஓடிய நிரல் இம்முறை சர்வரில் தவறு செய்யும். 127-ஐத் தாண்டாத பைட்டுகளுக்கு இரண்டும் ஒரே விடை தரும் என்பதால், சிறிய எண்களைக் கொண்டு சோதித்தவருக்கு எதுவும் தெரியாது. நெட்வொர்க்கிலிருந்து வரும் எதையும் 8 பிட் குறியற்ற வகைப் பஃபரில் மட்டுமே பெறுங்கள். வெறும் கேரக்டர் வகையை எழுத்துகளுக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் அன்சைன்டாக்கும் யோசனைக்கு வருவோம். தலைப்பு உட்பட மொத்த நீளம் என்று நெறிமுறை சொல்கிறது. உடலின் நீளம் அறிய அதிலிருந்து 8-ஐக் கழிக்கிறீர்கள். ஒருவர் மொத்த நீளம் 3 என்று அனுப்பினால்? குறியுள்ள எண்ணாக இருந்தால் −5 கிடைக்கும், அது தவறு என்று பார்த்த உடனே தெரியும். குறியற்ற 32 பிட்டில் 4294967291 கிடைக்கும்; 3 என்ற நீளம் 512 சோதனையை முன்பே கடந்துவிட்டது. சுழியைத் தொடும் வரை கழித்துக்கொண்டே போகும் சுழற்சிகளில், மீதி 0-க்குக் குறையாத வரை ஓடு என்ற நிபந்தனை குறியற்ற எண்ணில் எப்போதும் உண்மை; சுழற்சி முடிவதே இல்லை. பதில் செய்தியை, பஃபரில் எழுத்துகளை எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் கொண்டு துண்டு துண்டாகக் கட்டுபவர்கள் அடிக்கடி இதில் சிக்குகிறார்கள்: அந்த ஃபங்ஷன் எழுதிய அளவைத் தருவதில்லை, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய அளவைத் தருகிறது, அதைப் பஃபரின் மீதி இடத்திலிருந்து கழித்தால், மீதி சுழிக்குக் கீழே போவதற்குப் பதிலாகக் கடலளவு விரிகிறது. கழிப்பதற்கு முன் ஒப்பிட வேண்டும் என்ற ஒரே பழக்கம் இவை அனைத்துக்கும் மருந்து. கூட்டலுக்கும் அதேதான்: நீளத்தோடு 8-ஐக் கூட்டிப் பஃபர் அளவோடு ஒப்பிடாதீர்கள், 4294967292-ஓடு 8 கூடினால் 32 பிட்டில் 4 தான் வரும்; பஃபர் அளவிலிருந்து 8-ஐக் கழித்து, அதனுடன் நீளத்தை ஒப்பிடுங்கள்.

விண்டோஸில் இதே சர்வரை ஓட்ட நினைத்தால் இன்னொன்று. அங்கே சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனையைக் குறிக்கும் எண்) என்பதே குறியற்ற வகை. சாக்கெட் உருவாகத் தவறினால் யூனிக்ஸில் −1 வரும், 0-க்குக் கீழா என்று பார்ப்பது வழக்கம். விண்டோஸில் அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது, அதற்கென்றே கொடுத்திருக்கும் மாறிலியோடுதான் ஒப்பிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் பாக்கெட் வடிவத்தில் அதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. நீர்வரத்தை விநாடிக்கு இத்தனை கன அடி என்று 16 பிட் குறியுள்ள எண்ணில் அனுப்புகிறீர்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடப்படும் பாசன நீர் இந்த எல்லைக்குள் அடங்கிப்போகும். குறுவை முழுவதும், சம்பாவின் பெரும்பகுதியும், நிரல் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். உபரி நீர் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும் நாளில்தான் எண் எல்லையைத் தாண்டும். 40,000 கன அடி −25,536 ஆகத் திரையில் தெரியும். அது பரவாயில்லை, பார்ப்பவர் உணரி கெட்டுவிட்டது என்றாவது நினைப்பார். குறியற்ற 16 பிட்டுக்கு மாற்றினால் 65,535 வரை தாங்கும்; ஆனால் 70,000 கன அடி வரும்போது எல்லைக்கு மேலுள்ள பகுதி வெட்டுப்பட்டு 4,464 என்று தெரியும். பாசனத்துக்குச் சாதாரணமாக விடும் தண்ணீரின் அளவைப் போலவே அது இருக்கும். யாருக்கும் ஐயம் எழாது, எச்சரிக்கை ஒலியும் எழாது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் ஓடி, 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்ததை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்த எண்கள் கற்பனை அல்ல என்பது விளங்கும். வெள்ளத்தை அறிவிக்க வைத்த கருவி வெள்ளத்தின்போது மட்டும் பொய் சொல்லும். 32 பிட்டுக்கு மாற்றுங்கள். மொபைல் இணைப்பில் 2 பைட் கூடுதலாகப் போவது ஒரு பொருட்டே அல்ல.

இதிலேயே இன்னும் நுட்பமான ஒன்று உள்ளது. நாளொன்றுக்கு ஓடிய மொத்தக் கன அடியை அறிய, விநாடிக்கான அளவை 86,400 ஆல் பெருக்குகிறீர்கள். 20,000 கன அடிக்கு விடை 172.8 கோடி, குறியுள்ள 32 பிட் எண்ணின் எல்லையான 214,74,83,647-க்குள் அடங்குகிறது. 25,000 கன அடிக்கு 216 கோடி, அடங்காது. நீர்வரத்தைக் குறியற்ற 16 பிட் வகையில் வைத்திருந்தால் பெருக்கலும் குறியற்றதாக நடக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நடக்காது. இன்ட்டைவிடக் குறுகிய எந்த வகையும், அதன் மதிப்புகள் இன்ட்டில் அடங்குமானால், கணக்கிடும் முன் குறியுள்ள இன்ட்டாக உயர்த்தப்படுகிறது என்பது சி மொழியின் விதி. குறியுள்ள எண் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதை மொழி வரையறுக்கவே இல்லை. சி++20-உம் சி23-உம் குறை எண்களைப் பிட்டுகளில் எழுத 2-இன் நிரப்பு என்ற முறையைக் கட்டாயமாக்கிய பின்னும் இது மாறவில்லை. ஆகவே பெருக்கிய பிறகு விடை 0-க்குக் கீழா என்று பார்க்கும் உங்கள் சோதனை பயனற்றது. இரண்டு மிகை எண்களைப் பெருக்கினால் குறை எண் வராது என்று கம்பைலர் தர்க்கப்படி முடிவு செய்து, அந்தச் சோதனையையே நிரலிலிருந்து நீக்கிவிட அதற்கு உரிமை உண்டு. பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தை 64 பிட்டாக மாற்றுங்கள். 1 டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியைக் கன அடியில் எழுத 32 பிட் குறியற்ற எண்ணுக்கும் இடம் போதாது என்பதால், இந்த அலகில் கணக்கிடுபவர் தொடக்கத்திலேயே 64 பிட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் புதியவர்கள் மட்டும் செய்யும் பிழைகள் என்று எண்ண வேண்டாம். 2002 ஜூனில் அப்பாச்சி வெப் சர்வரில், துண்டு துண்டாக வரும் கோரிக்கையின் துண்டு அளவைக் குறியுள்ள எண்ணாக ஒப்பிட்டதால் எழுந்த ஓட்டை வெளியானது, 1.3.24 வரையிலான பதிப்புகள் அதில் சிக்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃப்ரீபிஎஸ்டி இயக்க முறைமையின் மையமான கெர்னலில், எதிர்முனையின் முகவரியைக் கேட்கும் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலை அழைக்கும் வழி) உட்படச் சிலவற்றில், நீளத்தைக் குறை எண்ணாகக் கொடுத்தால் கெர்னல் நினைவகம் வெளியே கசியும் என்று அறிவிப்பு வந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2013 மே மாதம், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் 1.3.9 முதல் 1.4.0 வரையிலான பதிப்புகளில் ஏறத்தாழ அப்பாச்சியின் கதையே மறுபடி நடந்தது. பதினாறெண் முறையில் வந்த மிகப் பெரிய துண்டு அளவு குறியுள்ள மாறியில் குறை எண்ணாகியது. அதற்கும் 4,096 என்ற பஃபர் அளவுக்கும் இடையே எது சிறியதோ அதை எடு என்ற வரி, குறை எண்ணையே சிறியதாகத் தேர்ந்தெடுத்தது. அது சைஸ்-டி ஆகக் காஸ்ட் செய்யப்பட்டு ரிசீவுக்குப் போனதும், 4,096 பைட் பஃபரில் எத்தனை வேண்டுமானாலும் எழுது என்று பொருளாகியது. பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்ட வரி கதவைத் திறந்துவிட்டது. உங்கள் 512 சோதனையும் இதே இனம்.

குறியுள்ளதையும் குறியற்றதையும் கலப்பது எப்போதும் தவறு என்றும் இதைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. டிசிபியின் வரிசை எண் 32 பிட் குறியற்றது. 4294967295-க்குப் பிறகு 0-க்குத் திரும்பும். இரண்டு வரிசை எண்களில் எது முந்தையது என்று நேராக ஒப்பிட்டால், திரும்பும் இடத்தில் விடை தலைகீழாகும். அதனால் பிஎஸ்டியிலும் லினக்ஸிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் குறியற்ற எண்ணாகக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் குறியுள்ள எண்ணாக வாசித்து, அது 0-க்குக் கீழா என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் இடைவெளி 200 கோடி அளவைத் தாண்டாத வரை விடை பிசகாது. இங்கே வகை மாற்றம் தெரிந்தே, ஒரு காரணத்துக்காக, ஒரே இடத்தில் செய்யப்படுகிறது. உங்கள் காஸ்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

உணரிகளில் உள்ள ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டில் ஓடும் நிரலுக்கும் இது பொருந்தும். அதன் மில்லிவிநாடி எண்ணி 32 பிட் குறியற்றது; 49.7 நாட்களில் சுழிக்குத் திரும்பிவிடும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று நிலையங்களை இயக்கினால், ஜூலை 31 அல்லது ஆகஸ்ட் 1-இல், ஆடிப்பெருக்குக்கு இரண்டொரு நாள் முன், எல்லா நிலையங்களிலும் எண்ணி திரும்பும். தொடங்கிய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி இப்போதைய நேரத்தோடு ஒப்பிடும் நிரல் அன்று தடுமாறும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, வித்தியாசத்தை இடைவெளியோடு ஒப்பிடும் நிரலுக்கு எதுவும் ஆகாது. இரண்டு மாறிகளையும் குறியற்ற 32 பிட்டாகவே வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜிசிசியில் வால் (-Wall) என்ற விருப்பம் சி++ நிரலுக்கு ஒப்பீட்டு எச்சரிக்கையைத் தரும். சி நிரலுக்குத் தராது, எக்ஸ்ட்ரா (-Wextra) விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். மெம்காபிக்கு −12 போவது ஒப்பீடு அன்று, வகை மாற்றம். அதைக் காட்ட சைன்-கன்வர்ஷன் (-Wsign-conversion) எச்சரிக்கையைத் தனியாக இயக்க வேண்டும், அது பழைய நிரலில் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டும் என்பதால் பாக்கெட்டைப் பிரிக்கும் கோப்புக்கு மட்டும் இயக்குங்கள். குறியுள்ள எண் எல்லை மீறுவதை ஓட்டத்தின்போது பிடிக்க ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் சானிடைசர் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. குறியற்ற எண் சுற்றிவருவது மொழிப்படி பிழையன்று என்பதால் அதற்குக் கிளாங்கின் தனி விருப்பம் தேவை. கூட்டல், பெருக்கல் எல்லை மீறியதா என்பதைச் சொல்லும் உள்ளமைந்த ஃபங்ஷன்கள் ஜிசிசி 5 முதல் உள்ளன, சி23 அவற்றைத் தரத்திலேயே சேர்த்திருக்கிறது. சர்வரைப் பைத்தானில் மாற்றி எழுதலாமா என்று உங்கள் நண்பர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: மெம்காபி ஆபத்து போய்விடும், ஆனால் பைட்டுகளைப் பிரிக்கும்போது சிறிய ஹெச் எழுத்துக்குக் குறியுள்ள 16 பிட், பெரிய ஹெச் எழுத்துக்குக் குறியற்ற 16 பிட் என்ற தேர்வு அங்கும் உங்கள் கையில்தான், 16 பிட்டில் தவறாகத் தேர்ந்தால் −12 என்பது 65,524 ஆகும். ஜாவாவில் பைட் எப்போதுமே குறியுள்ளது. 255-ஓடு ஆண்ட் என்ற பிட் செயற்குறியைச் செலுத்தி மிகை எண்ணாக்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

திருத்தத்தை ஏற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் வரும் மூல பைட்டுகளை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து, ஓதம் வற்றும் நேரம் ஒன்றாவது கடக்கும் வரை பழைய சர்வரையே ஓடவிடுங்கள். அது மறுபடி விழும்போது அந்தக் கோப்பைப் புதிய நிரலுக்கு ஊட்டிப் பாருங்கள். கூடவே நீளம் 0, 3, 8, 512, 513, 2147483647, 2147483648, 4294967295 ஆகிய எட்டு மதிப்புகளுக்கும் ஒவ்வொரு பாக்கெட்டைக் கையால் உருவாக்கி ஊட்டுங்கள். புதிய நிரல் இவற்றில் 8-ஐயும் 512-ஐயும் மட்டும் ஏற்க வேண்டும். மற்ற ஆறுக்கும் இணைப்பை மூடி, நிலைய எண்ணோடு காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். எல்லை நகர்ந்த இணைப்பில் தொடர்ந்து படித்து மீள முயலாமல், மூடிவிட்டு உணரியையே மீண்டும் இணையச் சொல்வதுதான் இந்த நெறிமுறையில் பாதுகாப்பானது.